குருதியின் சரித்திரம் – 12: மருந்துக்கு அவகாசம்

சென்ற இதழில் பாஸ்டனில் இருந்தோம். சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததையும், அவர்களில் 10 பேருக்கு நோய் சில மாதம் அடங்கி நின்றதையும் பார்த்தோம். அந்த மருந்து பிறந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் என்பதும் நினைவிருக்கும். அது 1948. அங்கிருந்து ஏழு வருடம் தாண்டி வந்தால் மருத்துவர்களின் கையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின், பிறகு ஸ்டீராய்டு. மூன்றும் வேலை செய்தன. மூன்றும் சில மாதங்களில் கைவிட்டன. கடும் லுகேமியா வந்த குழந்தை ஒரு வருடம் தாண்டினாலே அபூர்வம்.

இன்னும் வீரியமான ஒரு மருந்து வந்துவிட்டால் போதும் என்று பலர் காத்திருந்தார்கள். நியாயமான காத்திருப்புதான். ஆனால் அடுத்த இருபது வருடத்துக் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. புது மருந்து கண்டவர்களுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு, ரத்தப்போக்கையும் கிருமித் தொற்றையும் மடக்கிப் பிடித்து, இருக்கிற மருந்துக்கு அவகாசம் வாங்கித் தந்தவர்களுக்கும் உண்டு. பாடப்புத்தகத்தில் முன்னவர்களுக்கு ஓர் அத்தியாயம், பின்னவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு. இந்த இதழ் அந்த அடிக்குறிப்புக்கு.

லுகேமியா அணு விஷம் கக்கிக் கொல்வதில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கிறது. மஜ்ஜையில் பிறக்கவேண்டிய மற்ற அணுக்கள் பிறப்பதில்லை. சிவப்பணு குறைந்தால் சோகை. அதற்கு ரத்தம் ஏற்றிச் சமாளிக்கலாம். தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது. வெள்ளையணு குறைந்தால் வாயிலும் குடலிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருந்த கிருமிகளே உள்ளே இறங்கிவிடும். கொடுமை என்னவென்றால், மருந்தும் இதையேதான் செய்தது. லுகேமியா அணுவைக் கொல்கிற அளவுக்குக் கொடுத்தால் மிச்சமிருக்கும் நல்ல மஜ்ஜையும் வறண்டுபோகும். அளவைக் கூட்டினால் குழந்தை மருந்தால் சாகும், குறைத்தால் நோயால் சாகும். அதனால் எல்லாரும் பயந்து பயந்து, கொஞ்சமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க அரசு வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாண்ட் மாநிலத்தின் பெத்தெஸ்டாவில், 14 மாடிச் செங்கல் கட்டடமாக ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையை 1953இல் திறந்தது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மருத்துவப் பிரிவுக்கு அங்கே தலைவராக வந்தவர் கார்டன் ஸூப்ராட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்துகளைச் சோதித்துக் கைதேர்ந்தவர். எந்த மருந்து நல்லது என்பதை மருத்துவரின் அனுபவ வாக்கால் முடிவுசெய்யக் கூடாது, நோயாளிகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்து எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். 1955இல் அவர் இரண்டு இளைஞர்களை வேலைக்குச் சேர்த்தார். ஒருவர் எமில் ஃப்ரை, இன்னொருவர் எமில் ஃப்ரைரைக். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். முதல் நாள் தன் அறையைத் தேடிப் போன ஃப்ரைரைக், கதவில் 'எமில் ஃப்ரை' என்ற பலகையைப் பார்த்து, பெயரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். குணத்தில் இருவரும் எதிரெதிர். ஃப்ரை செயின்ட் லூயிஸ்காரர், நிதானஸ்தர், யார் மனமும் நோகாமல் காரியத்தை நகர்த்துபவர். ஃப்ரைரைக் சிகாகோவில், பஞ்ச காலத்தில், தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, தொப்பித் தொழிற்சாலையில் உழைத்த தாயிடம் வளர்ந்தவர். ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த ஆகிருதி, இடிமுழக்கக் குரல், முன்கோபம். மேலதிகாரிகளோடு சண்டை போடாத மாதம் இல்லை.

ஃப்ரைரைக்கிடம் குழந்தைகள் வார்டு ஒப்படைக்கப்பட்டது. அந்த வார்டைப் பற்றி அவர் கடைசிவரை ஒரே விதமாகத்தான் பேசினார்: எங்கு பார்த்தாலும் ரத்தம். மூக்கிலிருந்து வடியும், ஈறிலிருந்து கசியும், மலத்தில் போகும். காலையில் போட்ட வெள்ளை விரிப்பு மதியத்துக்குள் சிவந்துவிடும். செவிலியர் சீருடையைப் பகலிலேயே மாற்றவேண்டியிருக்கும். தோலுக்கடியில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் முதலில் கணுக்காலில் தெரியும், பிறகு உடம்பெங்கும். மூளைக்குள் கசிந்தால் அன்றோடு முடிந்தது.

ஏன் இப்படிக் கசிகிறது என்பதற்கு அன்றைக்கு ஒரு விளக்கம் இருந்தது. லுகேமியா வந்தவர் ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் சுற்றுகிறது என்றார்கள். ஃப்ரைரைக் அதை நம்பவில்லை. அவர் செய்த சோதனை பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்யக்கூடியதுதான். நோயுற்ற குழந்தையின் ரத்தத்தோடு நல்ல தட்டணுவைச் சேர்த்துப் பார்த்தார். தடுக்கும் பொருள் ஒன்று இருந்தால் தட்டணு சேர்த்தும் பயன் இருக்கக் கூடாது. உறைதல் சீரானது. அப்படியானால் குறை ஒன்றே ஒன்றுதான்: தட்டணு இல்லை. இல்லாததைக் கொடுத்தால் தீரும்.

இதில் வேடிக்கை, இந்த உண்மை புதிதே அல்ல. 1910இலேயே வில்லியம் ட்யூக் என்ற மருத்துவர், தட்டணு குறைந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தவர்களுக்கு நேரடியாக ரத்தம் ஏற்றி, தட்டணு ஏறுவதையும் கசிவு நிற்பதையும் பதிவுசெய்து பத்திரிகையில் எழுதிவிட்டார். அரை நூற்றாண்டாக அது அலமாரியில் கிடந்தது. காரணம் அசட்டைதான் என்று சொல்லிவிட முடியாது. ரத்த வங்கிகள் அப்போது கண்ணாடிப் புட்டியில் ரத்தம் பிடித்தன, குளிர்ப்பெட்டியில் வைத்தன. தட்டணுவுக்கு இரண்டுமே ஆகாது. கண்ணாடியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், குளிரில் கெட்டுவிடும். வங்கியிலிருந்து வாங்கி ஏற்றிய ரத்தத்தில் சிவப்பணு இருந்தது, தட்டணு பெயரளவுக்குத்தான். ஏற்றிப் பார்த்தும் கசிவு நிற்காததால் ஏற்றுவதில் பயனில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

வழி திறந்தது பிளாஸ்டிக் பையால். பாஸ்டன் அறுவை மருத்துவர் கார்ல் வால்ட்டர் 1950ஐ ஒட்டி ரத்தம் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை உருவாக்கியிருந்தார். அதில் ரத்தம் பிடித்து, மெல்லச் சுழற்றி, தட்டணு நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து, சிவப்பணுவைக் கொடையாளிக்கே திருப்பி ஏற்றிவிடலாம். அப்படிச் செய்தால் கொடையாளிக்குச் சோகை வராது, அதே ஆளிடம் மறுபடி மறுபடி எடுக்கலாம். பெத்தெஸ்டா குழு 1961இல் இந்த முறையை விவரித்து எழுதியது. அப்பாவோ அம்மாவோ கொடையாளியாக அமர்ந்து எழுந்தால், சில மணி நேரத்தில் குழந்தையின் மூக்கில் வைத்த பஞ்சு சிவக்காமல் இருக்கும். வார்டு வெளுத்தது.

நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் எண்ணிக் காட்டினார்கள் என்பதுதான் எனக்கு இவர்களிடம் பிடித்த விஷயம். கேடோஸ், ஃப்ரைரைக், புள்ளியியலாளர் நேதன் மான்டெல் மூவரும் 92 லுகேமியா நோயாளிகளின் தட்டணு எண்ணிக்கையையும், எந்த நாளில் கசிவு இருந்தது என்பதையும் நாள்வாரியாகப் பொருத்திப் பார்த்து 1962இல் வெளியிட்டார்கள். நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரை தட்டணு இருக்கும். எண்ணிக்கை இறங்க இறங்கக் கசிவு கூடியது, 20,000க்கு மேலே பெரிய கசிவு அரிதாக இருந்தது. 'இதற்குக் கீழே ஆபத்து' என்று கோடு போட்டுக் காட்டும்படி எந்த ஓர் எண்ணும் கிடைக்கவில்லை என்றுதான் கட்டுரை சொன்னது. உலகம் அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு 20,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. டெங்கு காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு 'பிளேட்லெட் கவுன்ட் எவ்வளவு?' என்று கேட்டுக்கொண்டு, பப்பாளி இலைச் சாறு இடிக்கிறார்களே, அப்போது எல்லார் வாயிலும் புழங்கிய இருபதாயிரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கட்டுரைதான். அந்த 92 பேரில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் உண்டு, ஆஸ்பிரின் தட்டணுவை முடக்கும் என்பது அப்போது தெரியாது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1990களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளுக்குப் பிறகு லுகேமியா வார்டுகளில் அந்த எல்லை 10,000க்கு இறங்கியது.

தட்டணுவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 1969இல்தான் விடை வந்தது. ஸ்காட் மர்ஃபியும் ஃப்ராங்க் கார்ட்னரும் குளிர்ப்பெட்டியைவிட அறையின் வெப்பநிலையே நல்லது என்று காட்டினார்கள். இன்று எந்த ரத்த வங்கிக்குள் எட்டிப் பார்த்தாலும், 20 முதல் 24 டிகிரியில், இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் வெளிர் மஞ்சள் பைகள் படுத்திருக்கும். ஆட்டத்தை நிறுத்தினால் கெட்டுப்போகும். ஆட்டினாலும் ஆயுள் ஏறக்குறைய ஐந்து நாள்.

பைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய அந்த வார்டுக்கு 1962இல் ஒரு தகப்பன் வந்தார். பெயர் ஜார்ஜ் ஜட்ஸன். நியூயார்க் மாநிலத்து எண்டிகாட்டில் ஐபிஎம் நிறுவனத்துப் பொறியாளர். பதின்வயது மகனுக்கு நாள்பட்ட லுகேமியா. அந்த வகையில் ரத்தத்தில் வெள்ளையணு லட்சக்கணக்கில் பெருகும். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மருத்துவர்கள் பையைப் பிடிப்பதும், சுழற்றுவதும், பிழிவதும், மறுபடி ஏற்றுவதுமாக மணிக்கணக்கில் அல்லாடுவதைக் கவனித்தார். இதை ஓர் இயந்திரம் செய்யவேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஃப்ரைரைக்கிடம் போய்க் கேட்டார். பெற்றோர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடும் மருத்துவராக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஐபிஎம்மும் ஒப்புக்கொள்ள, ஜட்ஸன் முழு மூச்சாக இறங்கினார்.

சிக்கல் எங்கே என்று புரிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் அருமை தெரியும். ரத்தத்தைச் சுழற்றினால் கனமான சிவப்பணு வெளிவட்டத்துக்குப் போகும், லேசான பிளாஸ்மா உள்வட்டத்தில் நிற்கும், இரண்டுக்கும் நடுவே பாலாடை மாதிரி ஒரு மெல்லிய படலமாக வெள்ளையணுவும் தட்டணுவும் ஒதுங்கும். அந்தப் படலம்தான் வேண்டும். ஆனால் பாத்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஒரு கையிலிருந்து ரத்தம் உள்ளே வரவேண்டும், மூன்று அடுக்கும் தனித்தனிக் குழாயில் வெளியேறவேண்டும், வேண்டாத இரண்டும் மறு கைக்குத் திரும்பவேண்டும். சுழல்கிற பாத்திரமும் சுழலாத குழாயும் சேருமிடத்தில் ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது, கிருமி நுழையக் கூடாது, அணு நசுங்கக் கூடாது. இந்தச் சுழல் இணைப்பை வெற்றிகரமாகச் செய்து முடித்ததுதான் ஜட்ஸனின் சாதனை. ஃப்ரைரைக், ஜட்ஸன், லெவின் மூவரும் 1965இல் கட்டுரை வெளியிட்டார்கள். கருவியைப் பிறகு ஐபிஎம் 2990 என்ற பெயரில் அந்த நிறுவனமே விற்றது. இன்று 'சிங்கிள் டோனர் பிளேட்லெட்' என்று மருத்துவமனைகள் கேட்கிறபோது, கொடையாளியைப் பக்கத்தில் படுக்கவைத்துச் சுற்றும் எந்த இயந்திரமும் இதன் வாரிசுதான்.

ரத்தக் கசிவு மட்டுப்பட்டதும் அதற்குப் பின்னால் நின்றிருந்த எதிரி முன்னுக்கு வந்தான். 1954 முதல் 1963 வரை கடும் லுகேமியாவால் அங்கே இறந்த 414 பேரின் மரணக் காரணங்களைத் தொகுத்தபோது, பத்து வருடத்தில் கசிவால் வந்த சாவு குறைந்திருந்தது, தொற்றின் பங்கு மேலோங்கியிருந்தது, பூஞ்சைத் தொற்றும் தலைகாட்டியிருந்தது. ஜெரால்ட் போடி தட்டணுவுக்கு நடந்த அதே கணக்கை வெள்ளையணுவுக்குச் செய்து 1966இல் வெளியிட்டார். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஆயிரத்துக்குக் கீழே போனால் தொற்று கூடும், நூறுக்குக் கீழே போனால் கடுமையாகும். எண்ணிக்கை எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் அப்படிக் கிடக்கிறது என்பதும் முக்கியம், மூன்று வாரம் நூறுக்குக் கீழே கிடந்தவர் தொற்றில்லாமல் தப்புவது அரிது.

தட்டணு கொடுத்ததுபோல வெள்ளையணுவும் கொடுத்துவிடலாமே? முயன்றார்கள். வெள்ளையணுவின் ஆயுள் சில மணி நேரம், தேவையோ கோடிக்கணக்கில். ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து அவ்வளவு எடுக்க முடியாது. அப்போதுதான் அந்தத் துணிச்சலான யோசனை. நாள்பட்ட லுகேமியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் வெள்ளையணு வழிந்துகொண்டிருக்கிறதே? அவர்களிடமிருந்து எடுத்து, கிருமியோடு போராடும் குழந்தைக்கு ஏற்றினார்கள். ஒரு புற்றுநோயாளியின் நோயணுவை இன்னொரு புற்றுநோயாளிக்கு ஏற்றுவது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்த அணுக்கள் தொற்று இருந்த இடத்துக்குப் போயின, பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. பின்னாளில் நல்ல ஆன்டிபயாட்டிக்குகள் வந்ததும் இந்த முறை ஓரங்கட்டப்பட்டது.

அந்த ஆன்டிபயாட்டிக்கை எப்போது தொடங்குவது என்பதில்தான் பெரிய திருப்பம் இருந்தது. மருத்துவப் பள்ளி கற்றுத்தந்தது: காய்ச்சல் என்றால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பு, கிருமி எது என்று தெரிந்துகொள், பிறகு பொருத்தமான மருந்தைக் கொடு. கல்ச்சருக்கு இரண்டு நாளாவது ஆகும். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. காலையில் படம் போட்டுக்கொண்டிருந்த குழந்தை மறுநாள் இல்லை. வேறு அறிகுறியும் இருக்காது. சீழ் என்பதே செத்த வெள்ளையணுக்களின் குவியல்தானே? வெள்ளையணுவே இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, வீங்காது, நெஞ்சு எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகும். காய்ச்சல் ஒன்றுதான் சாட்சி. பால்டிமோரில் ஷிம்ஃப் என்பவர் தலைமையில் ஒரு குழு, காய்ச்சல் கண்டவுடனே, கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல், கார்பெனிசிலினையும் ஜென்டாமைசினையும் சேர்த்துத் தொடங்கியது. 1971இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் அதுவே நடைமுறையானது. இன்று கீமோ எடுத்து வீடு திரும்பும் குழந்தையின் பெற்றோரிடம், 'கவுன்ட் இறங்கியிருக்கிற நேரம், காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் வந்துவிடுங்கள், பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்த வாக்கியத்தின் வயது அரை நூற்றாண்டுதான்.

இந்தப் பாதுகாப்புகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, மருந்தின் அளவைக் கூட்டும் தைரியமும் வந்தது. அதுவும் முறையாகவே வந்தது. ஸ்டீராய்டால் நோய் அடங்கிய குழந்தைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவருக்கு 6-மெர்காப்டோபியூரின், மற்றவருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 21 ஜோடிகளில் 18இல் மருந்து ஜெயித்தது, அத்தோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 1963இல் அச்சேறிய அந்த 42 குழந்தைகளின் வாரக் கணக்கு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடம். நம் கல்லூரிகளில் உயிர்வாழ் பகுப்பாய்வு படித்தவர்கள் அந்த எண்களைக் கடந்துதான் வந்திருப்பார்கள், அவை யாருடைய வாரங்கள் என்று தெரியாமலே.

பிறகு நான்கு மருந்தையும் ஒன்றாகக் கொடுக்கும் முயற்சி. அலபாமாவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் எலிகளை வைத்து, ஒரேயொரு லுகேமியா அணு மிஞ்சினாலும் எலி செத்துவிடும் என்று காட்டியிருந்தார். அப்படியானால் அடங்கியது போதாது, கடைசி அணுவரை துரத்தவேண்டும். நான்காவது மருந்து, நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் பாகுபாடில்லாமல் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின். நான்கின் முதலெழுத்துகளைக் கோத்து 'வாம்ப்' என்று பெயரிட்டார்கள். சக மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். சாகப்போகிற பிள்ளைகளை நிம்மதியாகச் சாகவிடாமல் வதைக்கிறார்கள் என்றார்கள். அவர்களை வில்லனாக்கிச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சில வாரம் அந்தக் குழந்தைகள் நினைவற்று, மூச்சுக் கருவியோடு கிடந்ததைப் பார்த்த எவரும் கேட்டிருக்கவேண்டிய கேள்விதான் அது. தட்டணுவும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத வார்டில் யாராவது வாம்ப் கொடுத்திருந்தால் அவர்கள் சொன்னதே நடந்திருக்கும்.

வாம்ப் வாங்கிய குழந்தைகளின் மஜ்ஜை சுத்தமானது. மாதங்கள் போயின. பிறகு ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள், தலைவலி என்று, நடை தள்ளாடுகிறது என்று. மஜ்ஜையைப் பார்த்தால் நோய் இல்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் லுகேமியா அணு மொய்த்துக் கிடந்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதும் நுழையாமல் இயற்கை வைத்திருக்கும் தடுப்பு, மருந்தையும் வெளியே நிறுத்திவிட்டது. ரத்தத்தில் துரத்தப்பட்ட அணுவுக்கு மூளையின் உறைகள் ஒளிவிடமாயின. முன்பு குழந்தைகள் அவ்வளவு நாள் பிழைத்திருக்கவே இல்லை என்பதால் இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் யாரும் பார்த்ததில்லை.

அதைத் தீர்த்தது பெத்தெஸ்டா அல்ல, மெம்ஃபிஸ். நடிகர் டேனி தாமஸ் நிதி திரட்டி 1962இல் அங்கே திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கு முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல், போலியோவிலிருந்து மீண்டவர், முப்பத்தைந்து வயதுதான். கறுப்பர், வெள்ளையர் என்று வார்டு பிரித்திருந்த தென்மாநில நகரம் அது. பிங்கெல் எல்லாக் குழந்தைகளையும் ஒரே வார்டில் படுக்கவைத்தார். தலைக்கும் முதுகுக்கும் குறைந்த அளவில் கதிர்வீச்சு கொடுத்து அவர் செய்த முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. 500 ராட் போதவில்லை, 1,200ம் போதவில்லை. ஐந்தாவது திட்டத்தில், 1967 இறுதியில் தொடங்கி, 2,400 ராட் தலைக்கும், முதுகுத்தண்டு நீருக்குள் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் தலைக்குள் வரும்வரை காத்திராமல், நலமாக இருக்கும்போதே. சேர்ந்த 35 குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் முற்றாகக் குணமானார்கள். 'குணம்' என்ற சொல்லை லுகேமியாவோடு சேர்த்து மருத்துவர்கள் வாய்விட்டுச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

கதிர்வீச்சு, நம்மூர்ப் பேச்சில் சொன்னால் 'கரண்ட் வைப்பது', இலவசமாகக் கிடைக்கவில்லை. பிழைத்த பிள்ளைகளில் சிலருக்கு வளர்த்தி குன்றியது, படிப்பு பிடிபடவில்லை, வருடங்கள் கழித்து மூளையில் வேறு கட்டி வந்தவர்களும் உண்டு. அதே செயின்ட் ஜூட்தான் பிற்பாடு அதைக் கைவிட வழியும் தேடியது. 498 குழந்தைகளுக்குத் தலையில் கதிர்வீச்சே இல்லாமல், முதுகு ஊசியும் செறிவான கீமோவும் மட்டும் கொடுத்து, ஐந்து வருட உயிர்வாழ்வு 93.5 சதவீதம் என்று 2009இல் சிங்-ஹான் பூய் குழு அறிவித்தது.

இன்னும் இரண்டு சிக்கல்கள். லுகேமியா அணுக்கள் கூட்டமாகச் செத்தால் அவற்றின் கழிவு யூரிக் அமிலமாகி சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதைத் தடுக்கும் அலோபியூரினாலையும் எலியன்–ஹிட்சிங்ஸ் ஆய்வுக்கூடமே தந்தது. 6-மெர்காப்டோபியூரினுக்கு வலுச்சேர்க்கத் தேடியபோது கிடைத்தது அது. மற்றது நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று. லுகேமியா அடங்கி வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தைகளைத்தான் அது தேடிப் பிடித்தது. செயின்ட் ஜூடில் வால்ட்டர் ஹியூஸ் முதலில் எலிகளில் பார்த்துவிட்டு, பிறகு 160 குழந்தைகளைச் சரிபாதியாகப் பிரித்தார். வெற்று மாத்திரை சாப்பிட்ட 80 பேரில் 17 பேருக்கு அந்த நிமோனியா வந்தது. கோட்ரைமாக்ஸசோல் சாப்பிட்ட 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அது 1977. நம் மருந்துக்கடையில் செப்ட்ரான் என்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மாத்திரையை லுகேமியாக் குழந்தைகள் இன்றும் சாப்பிடுகிறார்கள். நூற்றில் இருபது பேரைப் பிடித்த ஒரு நோயை அடியோடு நிறுத்திய மருந்துக்கு விழா எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவகாசக் கணக்கு எவ்வளவு உண்மை என்று பார்க்க அமெரிக்காவிலேயே நிற்கவேண்டியதில்லை. 1970களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் மையங்களிலும் இதே மருந்துகள் இருந்தன. இருந்தும் கடும் லிம்ஃபோ லுகேமியா வந்த குழந்தைகளிலும் இளைஞர்களிலும் நோயில்லாமல் நீடித்தவர்கள் நூற்றில் 20 பேருக்கும் குறைவு. அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து 1984இல் எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கின. அடையாறில் அதற்குப் பின்னால் நின்றவர் டாக்டர் வி. சாந்தா. மருந்து அட்டவணையைச் சீராக்கியதோடு, தொற்றையும் கசிவையும் சமாளிக்கும் பக்கபலச் சிகிச்சையையும் சேர்த்தே உயர்த்தினார்கள். நான்கு வருடம் நோயின்றி நின்றவர்களின் பங்கு 45 முதல் 60 சதவீதத்துக்கு ஏறியது. 1990க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 1,048 நோயாளிகளின் விவரத்தோடு அந்தக் கட்டுரை 2005இல் வந்தது. அந்த ஏற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது புதிய சிகிச்சைத் திட்டத்தையும் மேம்பட்ட பக்கபலச் சிகிச்சையையும் ஒரே வாக்கியத்தில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த இதழில் சீனத்து ஹார்பினுக்குப் போகிறோம். ரத்தம் உறையாமல் கசிந்து ஆளைச் சில நாளில் கொண்டுபோகும் ஒரு லுகேமியாவுக்கு அங்கே பாஷாணத்தை மருந்தாக்கினார்கள். அந்தப் பாஷாணத்தைத் தனி மருந்தாகவே கொடுத்து வேலூர் சிஎம்சி என்ன கண்டது என்பதையும் பார்ப்போம்.